வாளின் காம்பில் எழுதியிருப்பது என்ன? ஜப்பானியப் போர்க்கால வாள்களின் முத்திரைகளைப் படிக்கும் முறை



ஜப்பானியர் ஆட்சிக்காலப் பாடத்தைத் தொடங்கினால் போதும், வகுப்பில் யாராவது ஒருவர் கை உயர்த்துவார்: "டீச்சர், எங்க பெரியப்பா வீட்டுல ஒரு சாமுராய் வாள் இருக்கு." அடுத்த நாள் கைப்பேசியில் படமும் வந்துவிடும். உடனே இரண்டு கேள்விகள். ஒன்று, "இது உண்மையான ஜப்பான் வாளா?" இரண்டாவது கொஞ்சம் தயங்கித் தயங்கி வரும்: "இதால யாரையாவது வெட்டியிருப்பாங்களா?"

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் வாளே பதில் சொல்லிவிடும். அதன்மேல் இருக்கும் எண்களையும் முத்திரைகளையும் எழுத்துகளையும் படிக்கத் தெரிந்தால் போதும். இரண்டாவது கேள்விக்கு அது வாய் திறக்காது. இந்த இரண்டையும் கலந்துவிடுவதால்தான் சான்று அடிப்படை வினாக்களில் நல்ல மாணவர்கள்கூட மதிப்பெண்ணை இழக்கிறார்கள். ஆகவே எப்படிப் படிப்பது என்பதோடு, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

"சாமுராய் வாள்" என்று எழுதலாமா?

வேண்டாம். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது சாமுராய் என்ற வகுப்பே கிடையாது. 1876இல் ஜப்பானிய அரசு பொது இடங்களில் வாள் அணிவதைத் தடை செய்தது. ராணுவத்தார், காவல்துறையினர் போன்றோருக்கு மட்டும் விலக்கு. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ராணுவ அதிகாரிகள் அணிந்தது ஐரோப்பியப் பாணி வாள். விரல்களை மூடும் வளைந்த உலோகக் காப்பு அதற்கு உண்டு. பழைய பாணிப் பிடி மீண்டும் வந்தது 1930களில், தேசியவாதம் சூடுபிடித்த நேரத்தில். தரைப்படை அதிகாரிகளுக்கு 1934இலும் 1938இலும், கடற்படை அதிகாரிகளுக்கு 1937இலும் புதிய மாதிரிகள் அறிவிக்கப்பட்டன. சார்ஜன் போன்ற கீழ்நிலை அதிகாரிகளுக்கு 1935இல் தனி மாதிரி வந்தது.

ஆக, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நம் முன்னோர் கண்டது இந்த ராணுவ வாள்களைத்தான். "குந்தோ" என்பது அவற்றின் ஜப்பானியப் பெயர். விடைத்தாளில் "ஜப்பானிய ராணுவ வாள்" என்று எழுதினால் சரியாக இருக்கும்.

காசு கொடுத்தது யார்?

முத்திரைகளைப் புரிந்துகொள்ள ஒரு குறுக்குவழி உண்டு. வாளுக்குக் காசு கொடுத்தது யார் என்று கேளுங்கள்.

ஜப்பானிய அதிகாரி தன் வாளைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டும். அது அவருடைய சொந்தப் பொருள். ஆகவே அதில் வாளடித்த கொல்லரின் பெயர் இருக்கலாம், அதிகாரியின் குடும்பச் சின்னம் பிடியின் முனையில் வெள்ளியில் பதிக்கப்பட்டிருக்கலாம், வீட்டில் பரம்பரையாக இருந்த பழைய வாளலகையே எடுத்து ராணுவப் பிடியும் உறையும் போட்டிருக்கலாம். சார்ஜனின் வாள் அப்படியல்ல. அது அரசாங்கம் கொடுத்த பொருள், நம் பள்ளி மேசை நாற்காலியில் பெயின்ட்டில் எண் எழுதியிருப்பது போலத்தான். இயந்திரத்தில் செய்யப்பட்ட அதன் அலகில், பிடிக்குச் சற்று மேலே, தொடர் எண் பதித்திருக்கும். உறையின் வாயிலும் ஓர் எண் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் அலகும் உறையும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாக இருந்தவை என்று சொல்லலாம்.

சார்ஜன் வாளை அடையாளம் காண இன்னொரு எளிய வழி, பிடியைத் தொட்டுப் பார்ப்பது. அதிகாரியின் வாளில் திருக்கை மீனின் சொரசொரப்பான தோலைப் போர்த்தி, அதன்மேல் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருப்பார்கள். சார்ஜன் வாளில் அந்த நாடாச் சுற்றையே அலுமினியத்தில் வார்த்துச் சாயம் அடித்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நாடா, கையில் எடுத்தால் உலோகம். முதலில் வந்தவை செம்புப் பிடி. போரின் கடைசியில் உலோகம் தட்டுப்பட்டபோது மரப்பிடிக்கு இறங்கினார்கள். அந்தப் பிடியின் கழுத்துப் பட்டையில் சிறு முத்திரைகள் இருக்கும். ஒன்றையொன்று தொட்டபடி நான்கு வட்டங்கள் தெரிந்தால் அது பீரங்கிக் குண்டுகளை அடுக்கிவைத்த சின்னம்: டோக்கியோ, பிறகு கொக்குரா ஆயுதத் தொழிற்சாலைகளின் அடையாளம். அருங்காட்சியகத்தில் ஜப்பானியத் துப்பாக்கிகளைப் பார்க்கும்போதும் இதைத் தேடலாம்.

துப்பாக்கி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜப்பானியத் துப்பாக்கியில் பதினாறு இதழ் செவ்வந்திப் பூ இருக்கும். அது பேரரசரின் சின்னம். சரணடைந்தபோது பலவற்றில் அந்தப் பூவை அராவி எடுத்துவிட்டார்கள். தரைப்படை வாளின் கைக்காப்பிலும் பிடியிலும் இருப்பது ஐந்து இதழ் செர்ரிப் பூ. படத்தைப் பார்த்துப் பெயர் எழுதும்போது இரண்டையும் மாற்றிவிடாதீர்கள்.

அதிகாரி வாளில் தொங்கும் குஞ்சமும் பேசும். நீலமும் பழுப்பும் கலந்திருந்தால் லெப்டினன்ட், கேப்டன் நிலை. சிவப்பும் பழுப்பும் என்றால் மேஜர் முதல் கர்னல் வரை. ஆனால் குஞ்சத்தை அவிழ்த்து இன்னொரு வாளில் கட்ட அரை நிமிடம் போதும். அதனால் அதை வலுவான சான்றாக எடுக்க முடியாது.

மெய் எங்கே இருக்கிறது?

அதிகாரி வாளின் முக்கியமான எழுத்து வெளியே தெரியாது. அலகின் அடிப்பகுதி மெலிந்து பிடிக்குள் நுழையும் இல்லையா, நம்ம வீட்டு அரிவாளின் காம்பு மரப்பிடிக்குள் போவது மாதிரி? அந்தக் காம்பை ஜப்பானியர் "நக்ககோ" என்பார்கள். கொல்லர் தன் பெயரை வெட்டுவது அதில்தான். அந்தக் கையொப்பத்துக்கு அவர்கள் வைத்த பெயர் "மெய்". தமிழாசிரியர்களுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வரும். பொய்யாக வெட்டிய பெயருக்கு "கிமெய்" என்றே தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். புகழ்பெற்ற கொல்லரின் பெயரை வேறு ஒருவர் வெட்டுவது அங்கே நூற்றாண்டுகளாக நடந்த வேலை. ஆக, எல்லா மெய்யும் மெய் இல்லை.

பிடியையும் காம்பையும் இணைத்து நிற்பது ஒரு சிறிய மூங்கில் ஆணி. அதைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று வரும். இதை மாணவர்கள் செய்யவே கூடாது. எண்பது ஆண்டு பழைய பிடி இறுகிப்போயிருக்கும். இழுக்கும் வேகத்தில் அலகு கையைப் பதம் பார்த்துவிடும். பெரியவர்கள்கூட பழகிய ஒருவர் துணையோடு செய்வதே நல்லது. பள்ளிக்கு வாளைக் கொண்டு வரச் சொல்லவே வேண்டாம். படம் போதும். மலேசியா, சிங்கப்பூர் இரண்டிலும் ஆயுதச் சட்டங்கள் உண்டு. வீட்டில் இருக்கும் வாளின் சட்ட நிலையைக் குடும்பத்தார் காவல் நிலையத்தில் கேட்டுத் தெளிவு பெறட்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். காம்பில் துரு இருக்கும். அதைச் சுத்தம் செய்யாதீர்கள். நம்ம ஊர்ப் பழக்கம், பித்தளை என்றால் புளி, இரும்பு என்றால் உப்புத்தாள்! தீபாவளிக்குக் குத்துவிளக்கைத் துலக்குவது போல இதையும் துலக்கிவிட்டால் சான்று போய்விடும். அந்தத் துருவின் நிறமும் அடர்த்தியும்தான் காம்பு எத்தனை காலம் பிடிக்குள் இருந்தது என்பதைக் காட்டுகிறது. தேய்த்த காம்பில் கொல்லரின் உளி வெட்டும் மழுங்கிப்போகும். எழுத்து சரியாகத் தெரியவில்லையா? அறையை இருட்டாக்கி, கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் படம் எடுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும்.

படத்தை எந்தப் பக்கமாகப் பிடிப்பது? அலகின் முனை மேலே, காம்பு கீழே. எழுத்து மேலிருந்து கீழாகப் போகும். நிறைய பேர் தலைகீழாகப் பிடித்துவிட்டுப் படிக்க முடியலையேன்னு தவிக்கிறார்கள்.

தேதியைப் படிப்பது: தமிழ் எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

காம்பின் ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் பெரும்பாலும் தேதி. தேதியே இல்லாத வாள்களும் உண்டு, எழுத்தே இல்லாத வாள்களும் உண்டு. தேதி இருந்தால் அதன் அமைப்பு பெரும்பாலும் இப்படி: ஆட்சிக்காலப் பெயர், எண், "ஆண்டு" என்ற எழுத்து, மறுபடி எண், "மாதம்" என்ற எழுத்து.

போர்க்கால ஆட்சிப் பெயர் "ஷோவா". அது இரண்டு எழுத்து. முதல் எழுத்தின் இடப்பக்கம் நடுவில் கோடு போட்ட ஒரு சின்னப் பெட்டி. இரண்டாம் எழுத்தின் இடப்பக்கம் கதிர் சாய்ந்த நெற்பயிர் போல இருக்கும். வலப்பக்கம் வெறும் சதுரம். இந்த ஜோடியைக் கண்டுபிடித்தால் அதற்குக் கீழே வருவது எண்தான்.

எண்களில் ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை முறையே ஒரு கோடு, இரு கோடு, மூன்று கோடு. நான்கு ஒரு பெட்டிக்குள் இரண்டு கால்கள். எட்டு, கூரை போல இரு பக்கமும் சரியும் இரண்டு கோடுகள். பத்து, கூட்டல் குறி. இனிமேல்தான் நமக்கு வசதி. பதினெட்டை அவர்கள் "பத்து, எட்டு" என்று அடுத்தடுத்து எழுதுவார்கள். நம் பழைய தமிழ் எண்முறையில் ௰௮ என்று எழுதுவோமே, அதே முறை. இருபது என்றால் "இரண்டு, பத்து", நம்முடைய ௨௰. பழைய பஞ்சாங்கத்தையும் கல்வெட்டையும் படிக்கத் தெரிந்த தமிழாசிரியருக்கு இது புதிதே இல்லை.

எண் கிடைத்துவிட்டால் 1925ஐக் கூட்டுங்கள். ஷோவா 17 என்றால் 1942. சிங்கப்பூர் வீழ்ந்த ஆண்டு. ஷோவா 20 என்றால் 1945. ஜப்பானியர் ஆட்சியின்போது நம் பகுதியிலும் இந்த ஆண்டுமுறைதான் அலுவலகங்களில் புழங்கியது. கூடவே இன்னொரு முறையும் இருந்தது: ஜப்பானியப் பேரரசு தோன்றியதாக அவர்கள் சொல்லும் கி.மு. 660இலிருந்து எண்ணுவது. அதன்படி 1942ஆம் ஆண்டு 2602. அந்தக் காலத்துச் சான்றிதழ், தபால் முத்திரைகளில் 2602, 2603 என்று பார்த்திருப்பீர்கள். 660ஐக் கழித்தால் போதும்.

இந்த இரண்டாவது முறைதான் ராணுவத் தளவாடங்களின் "மாதிரி எண்"ணுக்கும் அடிப்படை. 1934இல் வந்த அதிகாரி வாளை ஏன் 94ஆம் மாதிரி என்கிறார்கள்? அது 2594. 1935இன் சார்ஜன் வாள் 95, 1938இன் அதிகாரி வாள் 98. புகழ்பெற்ற ஜீரோ போர் விமானத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் இப்படித்தான். ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆண்டு 2600, கடைசி எண் சைபர். மாணவர்கள் இதை ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டார்கள்.

மூன்றாவதாக ஒரு தேதி முறை இருக்கிறது, அது நமக்கு இன்னும் நெருக்கம். தென் மஞ்சூரிய ரயில் நிறுவனம் செய்த வாள்களில் ஷோவா என்ற பெயருக்குப் பிறகு எண் வராது. அறுபதாண்டுச் சுழற்சியின் ஆண்டுப் பெயர் வரும், பின்னால் "வசந்தம்" போன்ற பருவப் பெயர். நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர். அவர்களுக்குப் பத்துப் பெயரும் பன்னிரண்டு விலங்குப் பெயரும் இணைந்து அறுபது. சீனப் புத்தாண்டுக்கு நம் அக்கம்பக்கத்தில் சொல்லும் டிராகன் ஆண்டு, குதிரை ஆண்டு எல்லாம் இதே குடும்பம்தான். 1940 அவர்களுக்கு டிராகன் ஆண்டு. அந்த ஏப்ரலில் நமக்குப் பிறந்தது விக்கிரம. 1942 அவர்களுக்குக் குதிரை, நமக்குச் சித்திரபானு. அறுபதாண்டுப் பெயர் மட்டும் இருந்தால் எந்தச் சுற்று என்ற ஐயம் வரும். நம் ஓலைச்சுவடிகளில் வரும் அதே தலைவலி. "ஷோவா" என்ற பெயர் முன்னால் இருப்பதால் இங்கே அந்தக் குழப்பம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. பழங்காலக் கொல்லர்கள் மங்கலம் கருதி இரண்டாம் மாதம் அல்லது எட்டாம் மாதம் என்றே எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. ஆகவே காம்பில் "எட்டாம் மாதம்" என்று மட்டும் கண்டால் அது உண்மையிலேயே ஆகஸ்டில் செய்ததாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆண்டை நம்பலாம், மாதத்தை அளந்து நம்புங்கள்.

ஊரும் பேரும், சின்னச் சின்ன முத்திரைகளும்

பெயர்ப் பக்கத்தில் நீளமான கையொப்பமாக இருந்தால் பழைய மாகாணப் பெயர், ஊர், "வசிப்பவர்" என்ற சொல், பிறகு கொல்லர் பெயர் என்று வரிசையாக வரும். நம் ஊர்ப் புலவர்கள் ஊர்ப்பெயரோடு கையெழுத்துப் போடுவது போல. போர்க்காலத்தில் அதிகம் காணப்படும் ஊர் "செக்கி". ஜப்பானின் கிஃபு மாநிலத்தில் உள்ள இரும்புத் தொழில் நகரம். இன்றும் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் பெயர் போனது. அவ்வூர்க் கொல்லர்களில் பலரின் பெயர் "கனே" என்று தொடங்கும். அது பரம்பரையாக எடுத்துக்கொள்ளும் தொழில் பெயர்.

கையொப்பத்துக்குப் பக்கத்தில் மிளகு அளவில் ஒரு முத்திரை குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். இரட்டைக் கதவு போட்ட வாசல் போலத் தெரிந்தால் அது "செக்கி" என்ற எழுத்து. அந்தச் சொல்லுக்கே காவல்வாயில் என்றுதான் பொருள். நடுக்கோடு போட்ட பெட்டி இடப்பக்கம் தெரிந்தால் "ஷோவா"வின் முதல் எழுத்து. இந்தச் சிறு முத்திரைகள் இருந்தால் பெரும்பாலும் அந்த அலகு பழைய முறையில் இரும்பை மடித்து மடித்து அடித்தது அல்ல, போர்க்காலத்தில் வேகமாகச் செய்தது என்று கொள்ளலாம். இதைச் சொன்னால் குடும்பத்தாருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் வரலாற்று மாணவருக்கு அவசரமாகச் செய்த வாள்தான் சுவையான சான்று. ஒரு நாடு எத்தனை ஆயிரம் அதிகாரிகளைத் திடீரென்று உருவாக்க வேண்டியிருந்தது என்பதை அந்தச் சின்ன முத்திரை காட்டிக்கொடுக்கிறது.

ஐந்துமுனை நட்சத்திரம் இருந்தால் தரைப்படை அங்கீகரித்த கொல்லர் மரபு முறையில் செய்தது. வட்டத்துக்குள் நங்கூரம் இருந்தால் தோயோகாவா கடற்படைத் தொழிற்சாலை. டோக்கியோ யசுகுனி ஆலய வளாகத்தில் 1933 முதல் 1945 வரை இயங்கிய கொல்லுப்பட்டறையில் சுமார் 8,100 வாள்கள் செய்யப்பட்டன. அங்கே வேலை செய்தவர்களுக்கு "யசு" என்று தொடங்கும் பெயர் கொடுக்கப்பட்டது.

கைக்காப்பிலும் அதை ஒட்டிய பித்தளை வளையங்களிலும் இரண்டு மூன்று இலக்க எண் ஒன்றே திரும்பத் திரும்ப வந்தால், அது தொழிற்சாலையில் பாகங்களைச் சேர்ப்பதற்குப் போட்ட எண். எல்லாம் ஒன்றாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பாகம் பிறகு மாற்றப்பட்டிருக்கலாம். அதற்குமேல் அந்த எண்ணில் ரகசியம் எதுவும் இல்லை. படைப்பிரிவு எண் என்று கதை கட்ட வேண்டாம்.

முழக்கம் வெட்டிய வாள்

மேலே சொன்ன மஞ்சூரிய ரயில் நிறுவன வாளுக்கு மறுபடி வருகிறேன். அதில் கொல்லர் பெயர் இருக்காது. "கோவா இஷ்ஷின், மன்தெட்சு இதைச் செய்தது" என்று இருக்கும். மன்தெட்சு அந்த நிறுவனத்தின் சுருக்கப் பெயர். "கோவா இஷ்ஷின்" என்றால் ஆசியாவை எழுப்புவோம், ஒரே மனத்தோடு என்பது போலப் பொருள்.

இதைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். "ஆசியா ஆசியர்களுக்கே" என்ற முழக்கத்தைப் பாடநூலில் படித்திருக்கிறீர்கள். கிழக்காசியக் கூட்டு வளம் என்றார்கள். பேச்சிலும் சுவரொட்டியிலும் நின்றிருந்தால் பரவாயில்லை. அதே முழக்கத்தை, பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்பில், யாரும் பார்க்காத இடத்தில் வெட்டியிருக்கிறார்கள். அந்த முழக்கம் நம் மக்களுக்குக் கேட்ட காலத்தில்தான் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களை சயாம் மரண ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். பிரச்சாரம் பற்றிய வினாவுக்கு இதைவிடச் சிறந்த பொருட்சான்று கிடைப்பது அரிது. "முழக்கத்துக்கும் நடைமுறைக்கும் இருந்த இடைவெளி" என்று எழுதும்போது இதை எடுத்துக்காட்டுங்கள்.

போலிகள்

பழம்பொருள் கடைகளிலும் இணைய விற்பனையிலும் போலிகள் ஏராளம். அதிகாரி வாளின் அலகில், எல்லாருக்கும் தெரியும் இடத்தில், பளிச்சென்று எழுத்து பொறித்திருந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான பெயர் பிடிக்குள் இருக்கும். உளியால் வெட்டிய எழுத்தில் ஒவ்வொரு கோடும் ஆழமாகத் தொடங்கி மெலிந்து முடியும். இயந்திரத்தில் பொறித்ததில் கோடு முழுக்க ஒரே அகலம். சார்ஜன் வாள்களையும் இன்று போலியாகச் செய்கிறார்கள். அவற்றில் தொடர் எண் கோணல்மாணலாக, இடைவெளி ஒழுங்கில்லாமல் இருக்கும்.

"கெம்பெய்தாய் வாள்" என்று சீட்டு ஒட்டி விற்பதையும் காணலாம். ராணுவக் காவல் படையான கெம்பெய்தாய்க்கென்று தனி வாள் மாதிரி கிடையாது. மற்ற தரைப்படை அதிகாரிகள் அணிந்த அதே வாளைத்தான் அவர்களும் அணிந்தார்கள். அந்தச் சீட்டு விலையை ஏற்றுவதற்கு ஒட்டியது. நம் மூத்தவர்களின் பயத்தை வைத்துக் காசு பார்ப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பாட்டி சொன்னதும் வாள் சொன்னதும்

இப்போது கடினமான இடம். ஒரு குடும்பத்தில் இப்படிச் சொல்லுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: "1942 பிப்ரவரியில சிங்கப்பூர் விழுந்த நேரத்துல எங்க பாட்டன் கண்ணு முன்னால நடந்தது. அந்த வாள்தான் இது." காம்பைப் பார்த்தால் ஷோவா, பத்து, ஒன்பது, ஆண்டு. அதாவது 1944.

இந்த அலகு 1942 பிப்ரவரியில் இங்கே இருந்திருக்க முடியாது. முத்திரை அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் பாட்டன் கண்டது நடக்கவில்லை என்று அது சொல்லவில்லை. பொருளும் நினைவும் பிறகு ஒட்டிக்கொண்டிருக்கலாம். 1945 செப்டம்பருக்குப் பிறகு ஆயிரக்கணக்கான வாள்கள் கை மாறின. சரணடையும் அதிகாரிகள் வாளை ஒப்படைத்தே ஆக வேண்டும் என்று மவுண்ட்பேட்டன் பிடிவாதமாக இருந்தார். சிங்கப்பூரில் 1945 செப்டம்பர் 12ஆம் நாள் சரணடைவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஜெனரல் இதகாகி, 1946 பிப்ரவரி 22ஆம் நாள் கோலாலம்பூரில் தன் வாளை ஜெனரல் மெஸ்ஸர்வியிடம் கொடுத்தார். உடல்நலமின்றி இருந்த ஃபீல்டு மார்ஷல் தெராவுச்சி 1945 நவம்பர் 30ஆம் நாள் சைகோனில் ஒப்படைத்த இரண்டு வாள்களில் குறுவாள் ஒன்று, குடும்பச் சொத்து, இப்போது இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. மற்றவர்களின் வாள்கள் குவியல் குவியலாகச் சேர்ந்தன. பல அழிக்கப்பட்டன, பல சிப்பாய்களின் நினைவுப்பொருளாகப் போயின. சில வாள்களில் ஒரு சின்ன மரச்சீட்டோ துணிச்சீட்டோ கட்டியிருக்கும், அதிகாரியின் பெயரோடு. என்றாவது திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கட்டியது. ஒரு வாளை ஒரு மனிதரோடு இணைக்கும் மிகச்சில சான்றுகளில் அந்தச் சீட்டும் ஒன்று. அதைக் குப்பை என்று பிய்த்துப் போட்டுவிடாதீர்கள்.

எனவே ஆசிரியர்கள் வகுப்பில் மாணவரிடம் "உங்க பாட்டி சொன்னது பொய்" என்று ஒருநாளும் சொல்லிவிட வேண்டாம். பாட்டியின் வாய்மொழி ஒரு சான்று. காம்பின் எழுத்து இன்னொரு சான்று. முதலாவது நடந்ததைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாவது செய்ததைப் பற்றிப் பேசுகிறது. முடிந்தால் அந்த வாய்மொழியைப் பதிவு செய்து, சொன்னவர் பெயர், வயது, நாள் குறித்து வையுங்கள். வாளை விட அதுதான் சீக்கிரம் கைவிட்டுப் போகும்.

மாணவர்களுக்கு ஒரு மாதிரி விடை. வினா: "இந்த வாளின் காம்பு எழுத்து, ஜப்பானியர் ஆட்சியின் கொடுமையை அறிய எவ்வளவு பயன்படும்?" பலவீனமான விடை இப்படி வரும்: "இது ஜப்பானிய வாள், ஆகவே ஜப்பானியர் கொடுமை செய்தார்கள் என்று தெரிகிறது." இதற்கு மதிப்பெண் வராது. நல்ல விடை: "எழுத்தின்படி இது 1944இல் செக்கி நகரில் செய்யப்பட்டது. சிறு முத்திரை இருப்பதால் போர்க்கால அவசர உற்பத்தி எனலாம். ஜப்பானிய ராணுவத்தின் ஆயுத உற்பத்தி முறையை அறிய இது பயன்படும். யார் இதை ஏந்தினார், எங்கே பயன்படுத்தினார் என்பதை எழுத்து காட்டவில்லை; ஆட்சியின் கொடுமையை அறிய வாய்மொழிப் பதிவும் விசாரணை ஆவணங்களும் தேவை."

வகுப்பில் செய்ய ஒரு சின்னப் பயிற்சி

ஆசிரியர்கள் இவற்றைப் பலகையில் எழுதி, கணக்குப் போட்டு ஆங்கில ஆண்டைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். முதலாவது, ஷோவா, பத்து, நான்கு, ஆண்டு. இரண்டாவது, தபால் முத்திரையில் 2603. மூன்றாவது, 99ஆம் மாதிரித் துப்பாக்கி எந்த ஆண்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது? நான்காவது, காம்பில் "ஷோவா, இரண்டு, பத்து, ஆண்டு, இரண்டு, மாதம்" என்றும், பிடியின் முனையில் வெள்ளிக் குடும்பச் சின்னம் ஒன்றும் இருக்கும் வாளைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது என்ன, சொல்லக்கூடாதது என்ன?

விடைகள்: 1939. 1943. 2599, அதாவது 1939. நான்காவதற்கு: அலகில் உள்ள தேதி 1945, இரண்டாம் மாதம் என்பது வழக்கமான மங்கலத் தேதியாகவும் இருக்கலாம், வெள்ளிச் சின்னம் அந்தப் பிடி ஓர் அதிகாரியின் சொந்தப் பொருள் என்று காட்டும். அந்தப் பிடியும் இந்த அலகும் முதலிலிருந்தே ஒன்றாக இருந்தவையா என்பதைக் கைக்காப்பின் எண்களைப் பார்க்காமல் சொல்லக்கூடாது.